நாற்பதில் போனால் அந்தமான்

அபர்டீன் பஜார் மணிக்கூண்டிலிருந்து எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் ஒரு மணி நேரத்தில் சாலை கடலில் போய் முடிகிறது. தெற்கே போனால் சிடியா டாப்பு, தென்மேற்கே போனால் வண்டூர், வடமேற்கே இறங்கினால் சாத்தம் படகுத்துறை. வடக்கே ஒரு சாலை மட்டும் நீண்டு போகிறது. அதைப் பற்றிப் பிறகு. ஒரே நாளில் அறுநூறு கிலோமீட்டர் ஓட்டினோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சவாரிக்காரர்களுக்கு அந்தமான் தரக்கூடிய தூரம் மிகக் கொஞ்சம். ஆனாலும் மோட்டார் சைக்கிள் ஓட்டும் சுகத்தைத் தூரத்திலிருந்தும் வேகத்திலிருந்தும் பிரித்தெடுத்துத் தனியாகக் கையில் கொடுப்பதற்கு இந்தத் தீவை விட நல்ல இடம் கிடைக்காது.

தீவு என்றதும் மோட்டார் சைக்கிள் உலகத்துக்கு நினைவு வருவது இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே இருக்கும் மான் தீவுதான். 1907 முதல் அங்கே டிடி பந்தயம் நடக்கிறது. ஊர்ச் சாலைகளை மூடிவிட்டு, 60 கி.மீ. நீளச் சுற்றில், சராசரியாகவே மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் பறக்கிறார்கள். அந்தமான் அதற்கு நேர் எதிர். இங்கே வளைவுகள் குறுகியவை, மேடு பள்ளம் அதிகம், மழைக்காலத்தில் பாசி வேறு. நாற்பதைத் தாண்டினால் அடுத்த திருப்பத்தில் எதிரே வரும் அரசுப் பேருந்துக்கு ஒதுங்க இடம் இருக்காது. நாற்பதில் போனால் எல்லாம் கிடைக்கும். தென்னந்தோப்புக்குள் நுழையும்போது கொப்பரை காயும் வாசனை, காட்டுக்குள் புகுந்ததும் சட்டென்று குளிரும் கைகள், மேட்டில் ஏறியதும் மரங்களின் இடைவெளியில் தெரியும் கடல். காருக்குள் இருப்பவருக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் கிட்டும்.

கடலூரிலிருந்து கிழக்கே ஒரு கோடு இழுத்தால் அது ஏறக்குறைய அபர்டீன் பஜார் இருக்கும் இந்தத் தலைநகரைத் தொடும். 2024 செப்டம்பரில் இதன் போர்ட் பிளேயர் என்ற பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. சென்னையிலிருந்து கடல்வழியில் சுமார் 1,190 கி.மீ.; கப்பலில் இரண்டரை நாளிலிருந்து மூன்று நாள் ஆகும். சொந்த வண்டியில்தான் ஓட்டுவேன் என்பவர்கள் அதைச் சரக்காக ஏற்ற வேண்டும். டேங்கில் இருக்கும் பெட்ரோலைச் சொட்டு விடாமல் வடித்துவிட்டு, காகிதங்களைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு, அது வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கான வழி அது. ஆனால் அந்தப் பயணத்துக்கு ஒரு பொருத்தமும் உண்டு. கப்பல் கிளம்பும் துறைமுகத்துக்கு வடக்கே, சில கிலோமீட்டர் தள்ளித்தான் திருவொற்றியூர் இருக்கிறது.

இந்திய மோட்டார் சைக்கிள் வரலாற்றில் திருவொற்றியூருக்கு நிகரான ஊர் கிடையாது. எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் 800 புல்லட் 350 வண்டிகளை இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்திடம் கேட்டது. அதைத் தொடர்ந்து 1955இல் ரெட்டிச் ஊரைச் சேர்ந்த அந்த நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்கள் பெட்டிகளில் வந்து இங்கே பூட்டப்பட்டன. 1962க்குள் எல்லா பாகங்களும் இங்கேயே தயாராயின. 1967இல் ரெட்டிச்சில் கதவை மூடிவிட்டார்கள். தாய்வீட்டில் நின்றுபோன வண்டி திருவொற்றியூரில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இன்று உலகம் முழுக்கப் போகும் புல்லட்டின் வம்சம் வடசென்னையில் காப்பாற்றப்பட்டது என்பதை ஒவ்வொரு தமிழ் வாசகரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அந்தமானுக்கு வரும் பெரும்பாலானவர்கள் விமானத்தில் இறங்கி வாடகைக்குத்தான் வண்டி எடுக்கிறார்கள். ஆக்டிவா போன்ற ஸ்கூட்டர் என்றால் நாளுக்கு ஐந்நூறு ரூபாயை ஒட்டி வரும். கிளாசிக் 350, ஹிமாலயன் என்று போனால் ஆயிரத்தைத் தாண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தீவு மக்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். ஆகவே சாவி வாங்கும்போது தமிழிலேயே புத்திமதியும் கிடைத்துவிடுவதுண்டு: “முன் பிரேக்கை மட்டும் பிடிச்சுடாதீங்க தம்பி, மழை பேஞ்சா ரோடு வழுக்கும்.” ஊருக்கு நடுவே வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது. வண்டி எடுத்ததும் அங்கே போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்புவது தமிழ்ச் சவாரிக்காரர்களுக்குப் பொருத்தமான தொடக்கம்.

ஊருக்குள் சமதளம் என்பதே அரிது. கோல்கர், டெலானிப்பூர், ஜங்கிளிகாட் என்று ஒவ்வொரு பேட்டையும் ஒரு மேட்டில் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்குகிறது. 1858 மார்ச்சில் இருநூறு கைதிகளோடு இங்கே வந்து இறங்கிய ஆங்கிலேயர்கள், அந்தக் கைதிகளின் கைகளால்தான் காட்டை வெட்டி முதல் பாதைகளைப் போட்டார்கள். 1857 கிளர்ச்சியில் பிடிபட்டவர்கள் அவர்களில் இருந்தார்கள். எழுநூறுக்குச் சற்றுக் குறைவான அறைகள் கொண்ட செல்லுலார் சிறை 1906இல்தான் கட்டி முடிந்தது. பாதைகள் அதற்கு அரை நூற்றாண்டு மூத்தவை. இரண்டாம் கியரில் அந்த மேடுகளில் ஏறும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது.

முதல் நாள் ஓட்டத்துக்கு கார்பின்ஸ் கோவ் சாலையை விடச் சிறந்தது இல்லை. ஊரை விட்டு இறங்கியதும் இடது கைப் பக்கம் கடல் வந்து சேர்ந்துகொள்கிறது. கடற்கரை வரை சில கிலோமீட்டர்தான். வழியில் ஜப்பானியர் கட்டிய கான்கிரீட் பதுங்கு குழிகள் சாலையோரத்திலேயே நிற்கின்றன. 1942 மார்ச்சிலிருந்து 1945 வரை தீவு அவர்கள் கையில் இருந்தது. நின்று, இறங்கி, துப்பாக்கி நீட்டிய அந்த ஓட்டை வழியாகக் கடலைப் பார்த்துவிட்டு மறுபடி வண்டி ஏறலாம். மோட்டார் சைக்கிளுக்கு இது ஒரு வரம். நிறுத்த இடம் தேட வேண்டியதில்லை. நிறுத்தத் தோன்றினால் போதும்.

இதே சாலையில் பழைய புல்லட் ஒன்று எதிரே வந்தால், அதைக் கண்ணுக்கு முன்னால் காது கண்டுபிடித்துவிடும். 2010ஐ ஒட்டி நிறுத்தப்பட்ட வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டிகள் வாடகைக்கு வருவது அபூர்வம். அப்படி ஒன்று வாய்த்தவர்களுக்குச் சவாரி கிளப்பும்போதே தொடங்கிவிடுகிறது. சாவியைத் திருப்ப வேண்டும். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்தினால், ஹெட்லைட் கூட்டில் இருக்கும் ஆம்பியர் மீட்டரின் முள் அசைந்து நடுவுக்கு வரும். அங்கே நிறுத்த வேண்டும். லீவரை விட்டு, கிக்கரை முழுக்க மேலே வரவிட்டு, உடம்பின் பாரத்தைக் காலில் இறக்கி ஓர் உதை. முறையாகச் செய்தால் முதல் உதையிலேயே எழும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும்.

எழுந்த பிறகும் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பிஸ்டன் 70 மி.மீ. அகலம், அது ஏறி இறங்கும் உயரம் 90 மி.மீ. அடி நீளமாக இருப்பதால் எஞ்சின் நிதானமாகச் சுழலும்போதே இழுவை வந்துவிடுகிறது. மொத்தம் 18 குதிரைத்திறன்தான். இன்றைய கல்லூரிப் பையன்கள் ஓட்டும் 160 சிசி வண்டியே அதற்குச் சமமாக நிற்கும். ஆனால் சிடியா டாப்பு சாலையில், மூன்றாம் கியரில், முப்பத்தைந்தில் போகும்போது ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் கேட்கும். எண்ணக்கூட முடியும் என்று தோன்றும். அந்த வேகத்துக்காகவே செய்யப்பட்ட எஞ்சின் அது. தங்க நாற்கரச் சாலையில் லாரிகளுக்கு நடுவே பரிதாபமாக மூச்சுவாங்கும் அதே வண்டி இங்கே வந்ததும் ராஜநடை போடுகிறது.

புதிய வண்டிகளின் சுகம் வேறு. 2016இல் வந்த முதல் ஹிமாலயன் 411 சிசி, காற்றும் எண்ணெயும் குளிர்விக்கும் எஞ்சின். 2023 இறுதியில் வந்தது 452 சிசி, திரவக் குளிர்விப்பு, 40 குதிரைத்திறன். முன்சக்கரம் 21 அங்குலம், ஏபிஎஸ் உண்டு, பெட்ரோலை எவ்வளவு தெளிப்பது என்பதைக் கணினி பார்த்துக்கொள்கிறது. மழை அரித்துப்போட்ட பள்ளத்தைப் பழைய புல்லட் ஓட்டுபவர் இருபதடி முன்பே பார்த்து ஒதுங்க வேண்டும். ஹிமாலயன் ஓட்டுபவர் எழுந்து நின்று அதன் மேலேயே போய்விடலாம். ஆண்டுக்கு 3,000 மி.மீ. மழை பெய்யும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. பழைய வண்டி ஓட்டுபவரின் கவனத்தை முழுவதும் தனக்கே கேட்கிறது. புதிய வண்டி அந்தக் கவனத்தை விடுவித்து ஊரின் மேல் திருப்பிவிடுகிறது. இரண்டில் எது உயர்ந்தது என்ற வாக்குவாதம் டீக்கடைகளில் ஓயாது. அந்தமானில் இரண்டும் நாற்பதிலேயே போவதால், இங்கே மட்டும் அந்த வாக்குவாதத்துக்கு வேலையில்லை.

சிடியா டாப்பு ஊரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டரை ஒட்டிய தூரம். பர்மாநாலா கடந்ததும் பாறைக் கடற்கரை, அப்புறம் சதுப்பு அலையாத்தி மரங்கள், கடைசியில் காடு கவிந்து சாலையை மூடிக்கொள்கிறது. அந்தி பார்ப்பதற்குத்தான் எல்லோரும் அங்கே போகிறார்கள். ஆனால் கடிகாரத்தை நம்பிக் கிளம்பினால் ஏமாற வேண்டியதுதான். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அந்தமானோ கிட்டத்தட்ட 93ஆம் பாகையில் கிடக்கிறது. அதனால் சூரியன் இங்கே நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் கடலுக்குள் போய்விடும், ஐந்தரைக்கு இருட்டு. திரும்பும் வழியில் பல இடங்களில் தெருவிளக்கு இல்லை, மாடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். பழைய புல்லட்டின் மஞ்சள் வெளிச்சத்தில் திரும்புவதென்றால் இன்னும் நேரத்தோடு கிளம்ப வேண்டும். அதற்கு ஈடாக விடியற்காலை ஐந்தரை மணிக்கே நல்ல வெளிச்சம் வந்துவிடுகிறது. வெயில் ஏறுவதற்கு முன் கிடைக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் அந்தமானில் வண்டி ஓட்டச் சிறந்த நேரம்.

வண்டூர் சாலை அழகில் குறைந்ததல்ல. ஆனால் மனத்தைக் கனக்கச் செய்வது. சிப்பிகாட் அருகே சாலையின் இருபுறமும் தண்ணீர் விரிந்து கிடக்கும். பார்ப்பவர்கள் ஏரி என்று நினைப்பார்கள். அது நெல் விளைந்த நிலம். 2004 டிசம்பர் 26 அன்று நடந்த நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறங்கியது. சுனாமி வந்து போய்விட்டது. இறங்கிய நிலம் திரும்ப எழவில்லை. கடல் வயல்களுக்குள் வந்து அங்கேயே தங்கிவிட்டது. சாலையை உயர்த்திப் போட்டுத்தான் போக்குவரத்தை மீட்டார்கள். ஒரு தீவின் அடித்தளமே சாய்ந்ததைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வண்டியில் போகக்கூடிய இடம் உலகில் அதிகம் இருக்காது. இங்கே வேகத்தைக் குறைத்து, முடிந்தால் நின்று, பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

வண்டூரில் சாலை முடிகிற இடத்தில் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் படகுகள் கிளம்புகின்றன. கடற்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை உண்டு. உப்புநீர் முதலைகள் இந்தத் தீவின் பழைய குடிகள்; பலகையைப் பொருட்படுத்தாமல் அலையில் இறங்கக் கூடாது.

சாத்தம் படகுத்துறைக்கு வருவோம். 1883இல் தொடங்கிய மரம் அறுக்கும் ஆலை பக்கத்தில் இருக்கிறது; படாக் மரத்தின் செந்நிறப் பலகைகளைப் பார்க்க வேண்டுமானால் அங்கே. துறையிலிருந்து பாம்பூ ஃபிளாட்டுக்கு வண்டிகளை ஏற்றும் படகு போகிறது. பேருந்து, கார், சுமைவண்டி எல்லாம் ஏறிய பிறகு மிச்சமிருக்கும் சந்துகளில் இருசக்கர வண்டிகளை நெருக்கி நிறுத்துவார்கள். மீன்கூடைக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நடுவே வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தச் சில நிமிடங்கள் இந்தத் தீவுச் சவாரியின் பிரிக்க முடியாத பகுதி. சாலை கடலில் முடிந்தால், வண்டி படகேறி மறுகரையில் தொடரும். தீவில் பிறந்தவர்களுக்கு அது பேருந்து மாறுவது போன்ற சாதாரணச் செயல். வெளியூர்ச் சவாரிக்காரருக்கோ ஊருக்குத் திரும்பிய பிறகும் நினைவில் நிற்பது பெரும்பாலும் அதுதான்.

மறுகரையில் ஏற வேண்டிய மலைக்கு 2021 வரை ஹாரியட் மலை என்று பெயர். இப்போது மணிப்பூர் மலை. 1891 போரில் தோற்ற மணிப்பூர் அரச குடும்பத்தின் குலச்சந்திர த்வஜ சிங்கையும் உடனிருந்தவர்களையும் ஆங்கிலேயர்கள் நாடு கடத்தி இங்கேதான் வைத்திருந்தார்கள். மலையடிவாரத்தில் இருக்கும் ஹோப்டவுனில் 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ பிரபுவை ஷேர் அலி அஃப்ரிடி என்ற கைதி குத்திக் கொன்றார். இந்தியாவின் வைஸ்ராய்களில் பதவியிலிருக்கும்போது கொல்லப்பட்டவர் அவர் ஒருவரே. மேலே போகும் சாலை குறுகலானது, செங்குத்தானது, இலைச்சருகு படிந்தது. முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமே ஏற வேண்டும். பழைய புல்லட்டின் எஞ்சின் சூடேறி எண்ணெய் வாசனை கிளம்பும். உச்சியிலிருந்து பார்த்தால் வடக்கு விரிகுடாவின் கலங்கரை விளக்கமும் தென்னை மரங்களும் தெரிகின்றன. எங்கேயோ பார்த்தது போலிருந்தால் வியப்பில்லை. பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருந்த படம் இதுதான்.

விரைவுப் படகுகளில் வண்டி ஏற்ற முடியாது என்பதால் பக்கத்துத் தீவான ஹேவ்லாக்குக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கித்தான் வேறு வண்டி எடுக்கிறார்கள். 2018 டிசம்பரிலிருந்து அதன் பெயர் சுவராஜ் தீவு. கோவிந்தநகர் சந்தையில் சாலை பிரிகிறது. ஒரு கிளை தீவைக் குறுக்கே வெட்டி ராதாநகர் போகிறது. இன்னொன்று கடலை ஒட்டியே விஜயநகர் வழியாகக் காலாபத்தர் வரை போய் நின்றுவிடுகிறது. இரண்டும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்களின் ஊர்கள் இவை. ராதாநகர் சாலையில் முதலில் வயல், பிறகு பாக்குத் தோப்பு, பிறகு காடு. கடைசி இறக்கத்தில் மரங்களின் உயரம் திடீரென்று கூடிவிடும். 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்ன ராதாநகரை எல்லோரும் புகழ்கிறார்கள். அந்தப் புகழுக்கு அது தகுதியானதே. ஆனால் வண்டி ஓட்டுபவரைக் கேட்டால் காலாபத்தர் சாலைக்குத்தான் முதலிடம் தருவார். நீலத்தையும் சாலையையும் பிரிக்கும் இடைவெளி சில இடங்களில் ஒரு வரிசை மரம் மட்டுமே. கடல் இலுப்பை மரங்கள் சாலை மேல் சாய்ந்து நிற்கின்றன. ஸ்கூட்டரே போதும். பன்னிரண்டு கிலோமீட்டரைப் போய், திரும்பி, மறுபடி போனால் அலை ஏறியிருக்கும், வெளிச்சம் மாறியிருக்கும்.

பக்கத்திலிருக்கும் நீல் தீவு, இப்போதைய ஷஹீத் தீவு, இன்னும் சிறியது. பதினான்கு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. ஊர்களின் பெயர்கள் ராமாயணத்திலிருந்து வந்தவை: பரத்பூர், லட்சுமண்பூர், சீதாப்பூர், ராம்நகர். சூரியன் உதிப்பதை சீதாப்பூரில் பார்த்துவிட்டு, மறைவதை லட்சுமண்பூரில் பார்க்கலாம். நடுவே கால் மணி நேரச் சவாரி.

வண்டிக்கு இந்தத் தீவுகள் செய்யும் கொடுமையையும் சொல்ல வேண்டும். உப்புக்காற்று எதையும் விடுவதில்லை. செயினில் எண்ணெய் காய்ந்தால் ஓரிரு நாளிலேயே செந்நிறம் ஏறும். ஸ்போக்குகள், போல்ட் தலைகள், சைலன்சரின் அடிப்பக்கம் என்று வரிசையாகத் துருப்பிடிக்கும். குரோமியப் பூச்சுக்காகவே பழைய வண்டியை நேசிப்பவர்களுக்கு இது வேதனை. ஈரம் பிளாட்டினம் பாயிண்ட்டில் புகுந்தால் பழைய புல்லட் கிளம்ப மறுக்கும். துணியால் துடைத்து, தீப்பெட்டியின் உரசும் பக்கத்தால் லேசாகத் தேய்த்துவிட்டு மறுபடி உதைக்க வேண்டும். பெட்ரோலும் கப்பலில் வர வேண்டியது, உதிரி பாகமும் கப்பலில் வர வேண்டியது. கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்பார்க் பிளக், பஞ்சர் ஒட்டும் சாமான் இவற்றைக் கையோடு கொண்டுபோவது அவசியம். மாலையில் நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விடும் பழக்கம் இருந்தால் வண்டி பிழைத்துக்கொள்ளும்.

இனி வடக்கே போகும் அந்தச் சாலை. அந்தமான் நெடுஞ்சாலை என்பார்கள். தேசிய நெடுஞ்சாலை எண் 4. சென்னையிலிருந்து பெங்களூர் வழியாக மும்பை போகும் சாலைக்கு முன்பு இருந்த எண் அது. 2010 மறுவரிசையில் இங்கே வந்துவிட்டது. ஃபெரார்கஞ்ச், ஜிர்காடாங், பாராடாங், கதம்தலா, ரங்கத், மாயாபந்தர் என்று போய் டிக்லிப்பூரில் முடிகிறது. வரைபடத்தில் பார்க்கும் எந்தச் சவாரிக்காரருக்கும் கை துறுதுறுக்கும். முந்நூறு கிலோமீட்டரை ஒட்டிய தூரம், மழைக்காடு, நடுவே கடல் கால்வாய்கள்.

ஆனால் ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரைட் வரையிலான சுமார் ஐம்பது கிலோமீட்டர் ஜாரவா மக்களின் காட்டுக்குள் போகிறது. நானூறு, ஐந்நூறு பேரே உள்ள மக்கள். 1990களின் பிற்பாதி வரை வெளியாட்களை அண்டவிடாமல் வாழ்ந்தவர்கள். தங்கள் காட்டைப் பிளந்து இந்தச் சாலை போடப்பட்டபோது வில்லோடு எதிர்த்தார்கள். தொடர்பு ஏற்பட்ட சில ஆண்டுகளிலேயே, 1999இல், தட்டம்மை அவர்களிடையே பரவியது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் அந்தக் காட்டை அவர்களுக்கென ஒதுக்கியிருக்கிறது. 2002 மே மாதம் சாலையின் சில பகுதிகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சாலை மூடப்படவில்லை. 2012இல், சுற்றுலாப் பயணிகளுக்கு முன்னால் ஜாரவாப் பெண்களை ஆடவைத்த காணொளி வெளியாகி உலகமே காறித் துப்பியது. 2013 ஜனவரியில் நீதிமன்றம் சுற்றுலாப் பயணிகளைத் தடுத்தது; மார்ச்சில் அந்தத் தடை நீங்கியது. இப்போது குறிப்பிட்ட நேரங்களில் போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாக விடப்படுகின்றன. நிற்கக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது.

வாடகைக்கு விடுபவர்களில் பலர் ஜிர்காடாங்குக்கு அப்பால் வண்டியைக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லித்தான் சாவி தருகிறார்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் இந்த ஐம்பது கிலோமீட்டர் சவாரிக்கான இடமல்ல. மோட்டார் சைக்கிளின் இன்பம் நினைத்த இடத்தில் நிற்பதில் இருக்கிறது. இங்கே நிற்பதே குற்றம். அதோடு, சைலன்சர் சத்தத்தைக் கேட்டே ஆக வேண்டிய கட்டாயம் அந்தக் காட்டின் சொந்தக்காரர்களுக்கு எதற்கு? டிக்லிப்பூர் போக வேறு வழி இருக்கிறது. தலைநகரிலிருந்து ரங்கத்துக்கும் மாயாபந்தருக்கும் ஏரியல் பேவுக்கும் அரசுக் கப்பல்கள் போகின்றன. நாள் பார்த்து, முன்கூட்டி விசாரித்து, கடல்வழியில் போய்விட்டு வடக்கே வண்டி எடுத்துக்கொள்வதுதான் நேர்மையான வழி. ஒன்றிரண்டு நாள் கூடுதலாகும். ஆகட்டும்.

வடக்கே இறங்கியவர்களுக்குச் சாலை தாராளமாகவே கிடைக்கிறது. ரங்கத்திலிருந்து மாயாபந்தர் போகும் வழியில் கடல் பல இடங்களில் சாலையோடு வருகிறது. ஆம்குஞ்ச், மோரிஸ் டேரா கடற்கரைகள். தனிநாலாவில் அலையாத்திக் காட்டுக்குள் போகும் நீண்ட மரப்பாலம். மாயாபந்தர் அருகே வெபி என்ற ஊரில் 1925இல் பர்மாவிலிருந்து அழைத்து வரப்பட்ட கரேன் மக்கள் இன்னும் தங்கள் மொழியோடு வாழ்கிறார்கள். பிறகு செங்கப்பா பாலம். அதைத் தாண்டினால் வடக்கு அந்தமான்.

டிக்லிப்பூர் பக்கம் வந்ததும் நிலம் அகன்று வயலாகிறது. தஞ்சாவூர்க்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திப் பார்க்கும் அளவுக்குப் பச்சை. அங்கிருந்து ஏரியல் பே வழியாகக் காலிப்பூர் போகும் சாலை இருபது கிலோமீட்டரை ஒட்டி வரும். வலது பக்கம் அந்தமானிலேயே உயரமான சேடில் சிகரம், 732 மீட்டர்; இடது பக்கம் கடல். தெற்கே சிப்பிகாட்டில் நிலம் மூழ்கியதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இங்கே கடற்கரையை உற்றுப் பார்க்க வேண்டும். அதே நிலநடுக்கத்தில் தீவின் இந்த முனை உயர்ந்தது. தண்ணீருக்கு அடியில் இருந்த பவளப்பாறைகள் வெளியே வந்து, வெயிலில் காய்ந்து செத்தன. தெற்கே தாழ்ந்து வடக்கே எழுந்த ஒரே தீவுக்கூட்டத்தின் இரண்டு முனைகளையும் இரண்டு சக்கரத்தில் பார்த்த பிறகு, அந்த நாளின் அளவு எந்தப் புள்ளிவிவரத்தையும் விடத் தெளிவாகப் புரிகிறது.

காலிப்பூர் கடற்கரையில் நான்கு வகைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன: பங்குனி ஆமை, பச்சை ஆமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை. குளிர்காலம் அதற்கான பருவம். வெளிச்சம் அவற்றைக் குழப்பும் என்பதால் அந்த மாதங்களில் இரவில் கடற்கரைப் பக்கம் ஹெட்லைட்டோடு போகக் கூடாது. புதிய வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கும் சுவிட்சே கிடையாது. எஞ்சின் ஓடினால் விளக்கும் எரியும். ஆகவே சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போக வேண்டும். பழைய புல்லட் வைத்திருப்பவர் விளக்கை அணைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சத்தத்தோடு அவரும் கிட்டே போகக் கூடாது.

தெற்கே போகும் பேருந்துகள் டிக்லிப்பூரிலிருந்து அதிகாலையிலேயே கிளம்பிவிடுகின்றன. கப்பல் என்றால் அதன் நேரத்தை முந்தைய நாளே உறுதிசெய்ய வேண்டும். எப்படியானாலும் சாவியை முதல் நாள் மாலையே ஒப்படைத்துவிடுவது நல்லது. டேங்கில் பெட்ரோல் மிச்சம் இருந்தால், இருட்டுவதற்குள் ஏரியல் பே வரை இன்னொரு முறை போய்விட்டு வர நேரம் இருக்கிறது.